எந்த ஆல்பம் சிறந்தது? பட்டியல் போடவும் சண்டை போடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

“எழுபதுகளின் சிறந்த ஆல்பம் எது?” இசை கேட்கும் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். கால் மணி நேரத்தில் குரல் ஏறும். ஒருவர் விற்பனைக் கணக்கை எடுத்து வீசுவார், இன்னொருவர் “உனக்கு ரசனையே கிடையாது” என்பார். பல வருடங்களாக நானும் இந்தச் சண்டையில் இருப்பவன்தான். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: சண்டை போடுகிற யாரும் அந்த ஆல்பத்தைச் சமீபத்தில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள். நான் உட்பட.

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழு 1977இல் வெளியிட்ட ‘ரூமர்ஸ்’ என் பட்டியலில் வெகுகாலம் மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒருநாள் ஒரு நண்பன், “அதில் மொத்தம் 11 பாட்டு. வரிசையாகச் சொல்லு பார்ப்போம்” என்றான். ஏழோடு நின்றுவிட்டேன், அதிலும் வரிசை தப்பு. அன்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகக் கேட்டபோதுதான் புரிந்தது, இத்தனை நாளும் அடிக்கடி காதில் விழும் நாலு பாட்டுக்காகத்தான் வாதாடியிருக்கிறேன். நினைவில் இருக்கும் ஆல்பம் வேறு, தட்டில் இருக்கும் ஆல்பம் வேறு.

அந்த இரண்டாவதைப் பட்டியலில் ஏற்றுவது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு பத்து ஆல்பம் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரப்படாமல் செய்தால் இரண்டு மாதம் ஆகும்.

படி 1: ‘சிறந்தது’ என்றால் என்ன என்று ஒத்துக்கொள்ளுங்கள்

இந்தச் சொல்லுக்குள் மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது, நன்றாகச் செய்யப்பட்டது, பிறகு வந்தவர்களை மாற்றியது. மூன்றும் ஒரே ஆல்பத்தில் சேர்ந்து வருவது அபூர்வம்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் 1967இல் வந்தது. அமெரிக்க விற்பனையைக் காட்டும் பில்போர்டு பட்டியலில் அப்போது 171ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் பங்க்கிலிருந்து இண்டி வரை, பின்னால் வந்த ராக் வகைகளில் அதன் சாயல் படாத இடம் குறைவு. ‘மாற்றியது’ என்ற கணக்கில் அது முதல் பத்துக்குள் வரும். நிம்மதியாக ஒரு மாலை கேட்க எடுப்பீர்களா என்றால், எல்லோரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் இந்தக் கணக்கிலும் இன்னொருவர் அந்தக் கணக்கிலும் பேசினால் விடியவிடியப் பேசலாம், இரண்டு பேரும் சரியாகவே இருப்பார்கள், ஒன்றும் நகராது.

பெரிய பட்டியல்களிலும் இதே கதைதான். ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ முதலிடம். அதே இதழ் 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது, ‘பெப்பர்ஸ்’ 24ஆம் இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட 17 வருடத்தில் அந்த இரண்டு தட்டுகளிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்குப் போட்டவர்கள் மாறினார்கள், எதைச் சிறப்பு என்று எண்ணுவது என்பதும் கூடவே மாறியது.

என் யோசனை: மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள். நான் எப்போதும் ‘பிடித்தது’ பக்கம்தான். முக்கியமான ஆல்பங்களின் பட்டியலை வரலாறு எழுதுகிறவர்கள் நம்மைவிட நன்றாகவே போடுவார்கள்.

படி 2: எல்லைக்கல் நடுங்கள்

பத்தாண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 1970 முதல் 1979 வரை என்று வைத்துக்கொள்வது எளிது. எந்த நாட்டின் வெளியீட்டுத் தேதி என்ற கேள்வி உடனே வரும். தி கிளாஷின் ‘லண்டன் காலிங்’ பிரிட்டனில் 1979 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1980 ஜனவரியில். ரோலிங் ஸ்டோன் அதை எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பமாகவே அறிவித்தது. எழுபதுகளுக்காக வாதாடுகிறவர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முதன்முதலில் எந்த நாட்டில் வந்ததோ அந்தத் தேதி என்று வைத்துக்கொண்டால் தலைவலி தீரும்.

அப்புறம் எவையெல்லாம் ஆல்பம்? ஈகிள்ஸின் 1976 ஹிட் தொகுப்பு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று. நான் தொகுப்புகளைச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே ஜெயித்த பாட்டுகளை அடுக்கிவைத்து ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளைச் சேர்ப்பேன். கீத் ஜாரெட்டின் ‘கோல்ன் கான்செர்ட்’ 1975 ஜனவரியில், சரியில்லாத ஒரு சிறிய பியானோவில், முன்கூட்டி எதுவும் எழுதிவைக்காமல் வாசித்தது. அதை ஆல்பம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. திரைப்பட இசைத்தட்டு, இரட்டைத் தட்டு எல்லாம் உங்கள் விருப்பம்.

ஒரு விதியை மட்டும் சிபாரிசு செய்கிறேன்: ஒரு கலைஞருக்கு ஒரு ஆல்பம். இல்லையென்றால் அறுபதுகளின் பட்டியலில் பாதியைப் பீட்டில்ஸ் தின்றுவிடும்.

படி 3: நாற்பது பெயர் சேருங்கள்

முதலில் எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுங்கள். இருபது வரும். அந்த இருபதில் பெரும்பகுதி உங்கள் பதின்ம வயதில் கேட்டதாக இருக்கும். இளமையில் நடந்தவை மற்ற வயதில் நடந்தவற்றைவிட அழுத்தமாக நினைவில் நிற்கும் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்வது இதைத்தான். திரும்பத்திரும்பப் பார்த்தாலே ஒரு பொருள் பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் எழுதினார். பழைய பாட்டுக்கும் அது பொருந்தும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மீதி இருபதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அட்டையில் உள்ள பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்த வழி. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வருடக்கணக்கில் தன் வாத்தியக்காரர்களின் பெயரைத் தட்டில் போடவே இல்லை. 1971இல் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ அட்டையில்தான் அவர்கள் பெயர் வந்தது. அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பாஸ் கிதார்காரரைப் பிடித்தால், அவர் பெயரில்லாமல் வாசித்த அறுபதுகளின் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும்.

இன்னொரு வழி, மொழியைத் தாண்டுவது. ஆங்கிலப் பட்டியல்கள் ஆங்கில ஆல்பங்களையே சுற்றிவரும். பிரேசிலின் மில்டன் நாசிமென்டோவும் லோ போர்ஜஸும் 1972இல் சேர்ந்து செய்த ‘க்ளூபே த எஸ்க்கீனா’, நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் ‘ஜாம்பி’, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1977இல் தந்த ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’. இந்த மூன்றையும் சேர்த்ததும் எழுபதுகளே வேறு மாதிரி தெரியும். கிராஃப்ட்வெர்க்கின் அந்த மெட்டுதான் 1982இல் ‘பிளானட் ராக்’ பாட்டுக்குள் புகுந்து ஹிப்-ஹாப்பை இயந்திரத் தாளத்தின் பக்கம் திருப்பியது.

படி 4: எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிப்போய்விடுவார்கள். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. ஒரே பெயர், ஒரே அட்டைப்படம், உள்ளே வேறு வேறு ஆல்பம். இது அடிக்கடி நடக்கும்.

பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ 1965 டிசம்பரில் வந்தது. பிரிட்டனில் ஒரு பாட்டு வரிசை. அமெரிக்காவில் சில பாட்டுகளை எடுத்துவிட்டு, முந்தைய ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டைச் சேர்த்து வேறு வரிசை. அமெரிக்கத் தட்டு கொஞ்சம் நாட்டுப்புறச் சாயலோடு, ஒரே மனநிலையில் ஓடும். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பிரையன் வில்சன் கேட்டு அசந்துபோனது அந்த அமெரிக்கத் தட்டைத்தான். அந்த வேகத்தில் அவர் 1966இல் செய்தது ‘பெட் சவுண்ட்ஸ்’. அதைக் கேட்டு பீட்டில்ஸ் அடுத்த வருடம் செய்தது ‘பெப்பர்ஸ்’. ஆக, அறுபதுகளின் புகழ்பெற்ற போட்டிக்கு விதை போட்டது பீட்டில்ஸ் தாங்களே வரிசைப்படுத்தாத ஒரு தட்டு! இன்று ஸ்ட்ரீமிங்கில் பொதுவாகக் கிடைப்பது பிரிட்டன் வரிசை. ஒருவர் அதையும் இன்னொருவர் அமெரிக்க வரிசையையும் மனதில் வைத்துப் பேசினால் இரண்டும் இரண்டு திசையில்தான் போகும்.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) கதை இன்னும் வேடிக்கை. முதல் நாள் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டதும் முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் வாசித்ததைவிடக் கொஞ்சம் ஏறிய சுருதியில் ஒலித்தன. உலகமே முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் கேட்டது. தொண்ணூறுகளில் வந்த மறுவெளியீடுகளில்தான் சரிசெய்தார்கள். பழைய தட்டைக் கேட்டு வளர்ந்தவருக்குச் சரியான சுருதி தவறாகத் தெரியும். இதில் யார் கேட்டது உண்மையான ஆல்பம்?

‘பெட் சவுண்ட்ஸ்’ மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்படி, உருவானது. பிரையன் வில்சனுக்கு ஒரு காது ஏறத்தாழக் கேட்காமலே இருந்தது. முழுமையான ஸ்டீரியோ வடிவம் 1997இல்தான் வந்தது. ஸ்டீரியோவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் தெரியும். மோனோவில் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக மோதும். நான் மோனோ கட்சி.

பாப் மார்லியும் வெய்லர்ஸும் செய்த ‘கேட்ச் எ ஃபயர்’ (1973) ஜமைக்காவில் பதிவானது. ராக் கேட்பவர்களையும் ஈர்க்க வேண்டும் என்று லண்டனில் கிதாரும் கீபோர்டும் மேலே சேர்த்தார்கள். 2001 சிறப்புப் பதிப்பில் இரண்டு வடிவமும் உண்டு. அடுத்தடுத்துக் கேட்டால், உங்களுக்குப் பிடித்தது மார்லியா அல்லது அந்தக் கிதாரா என்று தெரிந்துவிடும்.

ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்தது) என்று போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பல வெளியீடுகளில் ஒலி அளவைத் தூக்கி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கிவிட்டார்கள். சத்தமாக இருப்பது முதல் நிமிடத்தில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், நாற்பதாவது நிமிடத்தில் காது களைக்கும். இரண்டு பதிப்பை ஒப்பிடுவதென்றால் முதலில் ஒலி அளவைக் காதுக்குச் சமமாக வையுங்கள். குறைந்த அளவில் நம் காதுக்கு பாஸ் குறைவாகவே கேட்கும் என்று ஒலியை ஆராய்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைந்த பதிப்பு சப்பென்று தெரிய அதுவே காரணமாக இருக்கலாம்.

என் விதி இது: முதலில் வெளிவந்தபோது தட்டில் என்ன இருந்ததோ அதுதான் ஆல்பம். பின்னால் ஒட்டவைத்த கூடுதல் பாட்டுகள் கணக்கில் வராது. கறாரான விதிதான், எனக்கே சில நேரம் கசக்கிறது. ‘ரூமர்ஸ்’ பதிவின்போது அந்தக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைத் தட்டில் இடமில்லை என்று வெளியே தள்ளி, அவர் எழுதிய வேறொரு சின்னப் பாட்டை உள்ளே வைத்தார்கள். தள்ளிய பாட்டு ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டாக வந்த தட்டின்) மறுபக்கத்தில் கிடந்தது. 2004 மறுவெளியீட்டில் அது ஆல்பத்துக்குள் வந்தது. அந்தப் பாட்டு எனக்கு உயிர். ஆனாலும் விதி விதிதான்.

சிலது பல வருடம் எங்கும் கிடைக்காது. ஹிப்-ஹாப் குழு டி லா சோலின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ 1989 ஆல்பம். அதில் எடுத்தாண்ட பழைய பாட்டுத் துணுக்குகளின் உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை. ஒரு தலைமுறை அதைக் கேட்காமலேயே எண்பதுகளின் பட்டியல் போட்டிருக்கிறது. செயலியில் இல்லை என்பதற்காக ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

படி 5: முழுசாகக் கேளுங்கள்

நாற்பது ஆல்பம், ஒவ்வொன்றும் சராசரியாக நாற்பது நிமிடம் என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 27 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்று வைத்தால் ஆறு வாரம். இரண்டு மாதம் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஏன் நாற்பது நிமிடம்? கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் சுமார் 22 நிமிடம் வசதியாக ஏறும். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியும் பாஸும் இறங்கும். அதற்கு முன்பு 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். அந்தத் தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் மாதிரி அட்டைப் புத்தகத்தில் சேர்த்து விற்றதால்தான் ‘ஆல்பம்’ என்ற பெயரே வந்தது. பிறகு சிடி வந்து 74 நிமிடம் கிடைத்ததும் தொண்ணூறுகளின் ஆல்பங்கள் வீங்க ஆரம்பித்தன. தொண்ணூறுகளின் பட்டியல் போடுகிறவர்கள் ‘இதில் நாலு பாட்டு அதிகம்’ என்று முனகுவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பளபளத் தட்டுதான்.

எல்பி காலத்து ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. இதை மனதில் வைத்துக் கேளுங்கள். ‘ரூமர்ஸ்’ முதல் பக்கம் ‘சாங்பேர்ட்’ பாட்டில் முடிகிறது. குழுவின் கிறிஸ்டின் மெக்வீ ஆளில்லாத ஓர் அரங்கில் பியானோ முன் உட்கார்ந்து பாடியது. கடைசிச் சுரம் அடங்குகிறது. ஊசி உள்வட்டத்தில் உரசும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் ‘தி செயின்’, தரையை மிதிப்பது போன்ற ட்ரம்ஸ். ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்ட ஒரே பாட்டு அது. நடுவில் அந்த அரை நிமிட மௌனம் இருந்தால்தான் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். செயலியில் கேட்டால் தாலாட்டுப் பாடி முடிப்பதற்குள் கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. நான் இப்போதெல்லாம் ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வருகிறேன். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

ஷஃபிளை (பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் வசதியை) அணைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கங்களில் ஷஃபிளை முன்னால் வைக்கும் பழக்கத்தையே மாற்றியது. வரிசை என்பதும் ஆல்பத்தை உண்டாக்கியவர் போட்ட கணக்கு.

ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை வேறு வேலை வேண்டாம், போனைக் கவிழ்த்து வையுங்கள், எதையும் எழுதாதீர்கள். இரண்டாம் முறை கையில் பேனா. ‘அருமை’, ‘சூப்பர்’ என்று எழுதுவது வீண். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், என்ன நடந்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பற்றி இருப்பது இப்படி: “பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி இல்லை, ஒன்று இன்னொன்றில் கரைகிறது. எங்கே மாறியது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் முடிந்துவிட்டது. பாஸ் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை, ஆனால் பாட்டின் காலை மிதிக்கவில்லை. கடைசியில் முதல் பாட்டு ஒரு கணம் திரும்பி வருகிறது.” ஆறு மாதம் கழித்து யாராவது ‘ஏன்’ என்று கேட்டால் இந்த நாலு வரி போதும்.

படி 6: நாற்பதைப் பத்தாக்குங்கள்

பதினைந்து வரை தானாகக் குறைந்துவிடும். இரண்டாம் முறை கேட்கவே கை வராதவை வெளியே. அதன்பின் வலிக்க ஆரம்பிக்கும்.

‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் வருடாவருடம் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி. அதைப் பத்து ஆல்பத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. வெறும் வரிசையில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது. புள்ளி கொடுக்கும்போது தெரிந்துவிடும். எனக்கு முதல் ஆல்பம் 22 புள்ளி, நான்காவதிலிருந்து எல்லாம் 8, 7 என்று சரிந்தது. அதாவது எனக்கு மூன்று ஆல்பம்தான் உண்மையில் முக்கியம், மீதி ஏழும் நல்ல சகவாசம்.

கை பழக ஒரு பயிற்சியும் உண்டு. பீட்டில்ஸின் 1968 இரட்டைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளை ஆல்பம் என்று எல்லோரும் சொல்வது. முப்பது பாட்டு. பாதியை வெட்டி ஒரே தட்டாகப் போடலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. 44 நிமிடத்துக்குள் உங்கள் ஒற்றைத் தட்டைச் செய்து பாருங்கள். நண்பர்களும் செய்யட்டும். ஒப்பிட்டால், நீங்கள் வெட்டிய பாட்டு இன்னொருவரின் முதல் பாட்டாக இருக்கும். இந்த ஒரு பயிற்சியிலேயே ஒருவரின் ரசனை முழுசாக வெளியே வந்துவிடும்.

படி 7: இப்போது சண்டை போடலாம்

ஒரே ஒரு நிபந்தனை: பேசும் ஆல்பத்தைக் கடந்த ஒரு மாதத்துக்குள் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதவர் கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பிறகு சில வாதங்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். விற்பனை ஒன்று. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 37 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது, பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973க்கும் 1988க்கும் இடையே 741 வாரம் பில்போர்டு பட்டியலில் இருந்தது. இரண்டும் அசாத்தியமான எண்கள். ஆனால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. ‘த்ரில்லரில்’ ஒன்பது பாட்டில் ஏழு சிங்கிளாக வந்தன என்று சொன்னால் அது வேறு, அது ஆல்பத்துக்குள்ளிருந்து வருகிற வாதம்.

விமர்சகர் பெயரைச் சொல்லி வாயடைப்பது இன்னொன்று. லெட் செப்லினின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் 1969இல் கடுமையாகத் தாக்கியது. நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தபோது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. இரண்டையுமே பின்னாளில் தன் 500 பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

‘அந்தக் காலத்தில் நீ பிறக்கவே இல்லை’ என்று ஆரம்பிப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவையுங்கள்.

உருப்படியான வாதம் குறிப்பாக இருக்கும். ‘இரண்டாம் பக்கம் தொய்கிறது’ என்றால் எந்தப் பாட்டில் தொய்கிறது? அதை எடுத்துவிட்டால் ஆல்பம் நன்றாகுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் அங்கேயே பாட்டைப் போட்டுக் கேளுங்கள். வார்த்தையால் பத்து நிமிடம் இழுத்ததைக் காது முப்பது வினாடியில் தீர்த்துவைக்கும். சில நேரம் தீராது. அப்போது கட்சி மாறிப் பேசுங்கள். அவர் ஆல்பத்துக்காக நீங்கள், உங்கள் ஆல்பத்துக்காக அவர், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ பக்கம் சாய்ந்தது இப்படித்தான். ஜெயிப்பதற்காகக் காரணம் தேடப்போய், காரணங்கள் என்னை ஜெயித்துவிட்டன.

படி 8: கூட்டாக ஒரு முதலிடம் வேண்டுமென்றால்

ஆளுக்கொரு பட்டியலோடு கலைந்துபோவது நல்லது. இல்லை, குழுவுக்கு ஒரு முதலிடம் வேண்டும் என்றால், எண்ணும் முறையை வாக்கெடுப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். முறையை மாற்றினால் வெற்றியும் மாறும். எடுத்துக்காட்டுக்கு ஐந்து பேர், மூன்று ஆல்பம்: ‘டார்க் சைட்’, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’.

இரண்டு பேரின் வரிசை: டார்க் சைட், ப்ளூ, வாட்ஸ் கோயிங் ஆன்.
இரண்டு பேரின் வரிசை: வாட்ஸ் கோயிங் ஆன், ப்ளூ, டார்க் சைட்.
ஒருவரின் வரிசை: ப்ளூ, டார்க் சைட், வாட்ஸ் கோயிங் ஆன்.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் ‘டார்க் சைட்’ 2, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 2, ‘ப்ளூ’ 1. ‘ப்ளூ’ கடைசி. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுத்தால் ‘ப்ளூ’ 11, ‘டார்க் சைட்’ 10, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 9. கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது. இது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் போர்தா முன்வைத்த முறை. எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்ததை மேலே தூக்கும்.

இதில் குறுக்குப் புத்தியும் வேலை செய்யும். ‘டார்க் சைட்’ ரசிகர்கள் இரண்டு பேரும் ‘ப்ளூ’வை வீழ்த்த வேண்டும் என்று அதை வேண்டுமென்றே மூன்றாமிடத்துக்குத் தள்ளினால் என்ன ஆகும்? ‘ப்ளூ’ 9க்கு இறங்கும், சரி. ஆனால் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 11க்கு ஏறும், ‘டார்க் சைட்’ அதே 10இல் நிற்கும். தங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காததை அவர்களே ஜெயிக்கவைத்துவிட்டார்கள். எங்கள் குழுவிலும் இப்படி ஒருமுறை நடந்தது. யார் செய்தது என்று தெரியும், சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பட்டியலின் அடியில் தேதி போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று பெரும்பாலும் அசையாது. ஏழு, எட்டு, ஒன்பது எப்போதும் ஆட்டம் காணும்.

என் எழுபதுகளில் ‘ரூமர்ஸ்’ இப்போது ஆறாம் இடம். அந்த நண்பனின் பட்டியலில் அது இல்லவே இல்லை. “இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டை எடுத்துவிட்டு அங்கே ‘சில்வர் ஸ்பிரிங்ஸை’ வைத்துக் கேட்டுப் பாரேன்” என்று நான் ஆரம்பித்தால், “வந்த தட்டைப் பற்றி மட்டும் பேசு” என்று விதித்தாளை எடுத்து நீட்டுகிறான். அந்த விதியை எழுதியவன் நான்தான், என் கையெழுத்தே அதில் இருக்கிறது.